எத்தனை மணி நேரம் நெஞ்சில்? குறைமாதக் குழந்தைகளும் கங்காரு பராமரிப்பும்

பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் உள்ளே பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களை எந்தப் பெரிய மகப்பேறு மருத்துவமனையிலும் காணலாம். கர்ப்பத்தின் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்றும், பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன; பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று. இவ்வாறு பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்திச் சாய்த்து, துணியால் கட்டி, நீண்ட நேரம் வைத்திருப்பதோடு தாய்ப்பாலையும் புகட்டிவருவதற்குக் கங்காரு தாய் பராமரிப்பு என்று பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாகக் கே.எம்.சி. என்பார்கள்.

மேலே சொன்ன விளக்கத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சொல் ‘நீண்ட நேரம்’ என்பதுதான். தாயை மாலையில் உள்ளே அழைத்து, அரை மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்லி, மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பதிவேட்டில் கே.எம்.சி. கொடுக்கப்பட்டது என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த அரை மணி நேரமும் வீண் போகாது என்றாலும், இம்முறையால் குழந்தைகள் உயிர் பிழைக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வது அந்த அளவை வைத்து அன்று. உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட பரிந்துரை, நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு அதிக நேரம், என்று கூறுகிறது. மருந்துக்கு ஓர் அளவு இருப்பதைப் போலவே இதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

இம்முறை தோன்றிய கதையே பற்றாக்குறையின் கதை. 1978இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் இருந்த தாய் சேய் நல மருத்துவமனையில் இன்குபேட்டர்கள், அதாவது குழந்தைக்குச் சூடு தரும் பெட்டிகள், போதாமல், ஒன்றிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் படுக்கவைக்க நேர்ந்தது. தொற்று ஒரு குழந்தையிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவியது. பல குழந்தைகள் இறந்தன, சில கைவிடப்பட்டன. அங்கே பணியாற்றிய மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, நிலைமை சற்றுத் தேறிய குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துத் தாய்ப்பாலும் கொடுக்கச் செய்தார். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்து இதை முறைப்படுத்தினார். பெயர்ப் பொருத்தம் கச்சிதமானது. செங்கங்காருவின் குட்டி சுமார் 33 நாள் கர்ப்பத்தில், ஒரு கிராம் எடைகூட இல்லாமல், மொச்சைக்கொட்டை அளவில் பிறக்கிறது; மீதி வளர்ச்சி முழுவதும் தாயின் பைக்குள்தான் நடக்கிறது. ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடு என்று தொடக்கத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட இம்முறை, கருவிகளுக்குக் குறைவே இல்லாத ஸ்வீடன் போன்ற நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று அன்றாட வழக்கமாகிவிட்டது.

மனித உடலை ஒரு கருவியோடு ஒப்பிடும்போது எது மேல் என்ற கேள்வி எழத்தான் செய்யும். முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடலில் சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் போதிய அளவு சேர்ந்திருக்காது. எடையோடு ஒப்பிட்டால் உடலின் மேற்பரப்பு அதிகம் என்பதால் சூடு வேகமாக வெளியேறுகிறது. நிறைமாதக் குழந்தை கைகால்களை மடக்கிச் சுருண்டு படுத்துச் சூட்டைக் காத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தையின் தசைகளுக்கு அந்த வலு இல்லாததால் கைகால் பரப்பிக் கிடக்கும். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், வளர்வதற்குச் செலவாக வேண்டிய சக்தி முழுவதும் சூட்டை உண்டாக்கவே செலவாகி, சர்க்கரை அளவு குறைந்து, மூச்சும் திணறத் தொடங்கும். தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைக்கு இந்தக் கவலை பெருமளவு நீங்குகிறது. குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்புச் சூடு ஏறுகிறது, குழந்தை தேவைக்கு மேல் சூடானால் அது தணிகிறது. இரட்டைக் குழந்தைகளை ஒரே நேரத்தில் இரு மார்பிலும் வைத்திருந்த ஒரு தாயின் உடலில், ஒவ்வொரு பக்கமும் அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்பத் தனித்தனியே சூட்டை மாற்றிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது தொற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல குழந்தைகளைத் தொடும் கைகள், குழாய்கள், கருவிகள் ஆகியவற்றின் வழியே மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் குழந்தையின் தோலிலும் குடலிலும் குடியேறக் காத்திருக்கின்றன. தாயின் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் வேண்டாதவற்றுக்கு இடம் குறைகிறது; தாயைச் சுற்றியுள்ள கிருமிகளுக்கு எதிராக அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் பால் வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்கின்றன. குழந்தை நெஞ்சில் இருக்கும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரப்பதால் பால் இறங்குவதும் எளிதாகிறது. குறைமாதப் பிரசவத்துக்குப் பிறகு பாலே வரவில்லை என்று கலங்கும் தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிக் குழாய் வழியாகவோ பாலாடை எனப்படும் சிறு கிண்ணத்தாலோ கொடுக்கும் நாட்களிலும், மார்பின் மணத்தையும் சுவையையும் குழந்தை பழகிக்கொண்டே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட, ‘எத்தனை மணி நேரம்’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது குழந்தையின் உறக்கம் என்பது என் கருத்து. குறைமாதக் குழந்தையின் மூளை, கருப்பையின் இருட்டில் நடந்திருக்க வேண்டிய வளர்ச்சியை, விளக்கு வெளிச்சத்துக்கும் மானிட்டர்களின் ஓசைக்கும் நடுவே நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சிக்கு இடையூறில்லாத உறக்கம் வேண்டும். சிறு குழந்தையின் ஓர் உறக்கச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் குழந்தைக்குக் களைப்பைத் தருபவை; அந்த நேரத்தில் இதயத்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் சற்று ஏறி இறங்குவதுண்டு. மார்பில் வைத்த குழந்தை அமைதியடையவே சில நிமிடங்கள் பிடிக்கும். ஆக, இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டால், இடமாற்றத்தின் சிரமத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டு, அதற்குக் கிடைக்க வேண்டிய பலனை மட்டும் பறித்துக்கொண்டது போல ஆகிவிடும். ஒரு முறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும், அதற்குக் குறைவான அமர்வுகளைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரைக்குக் காரணம் இதுதான்.

இனி ஆதாரங்களுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த, உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வு ஒன்று இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் அது நடந்த இடம் புது தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் உடல்நிலை தேறிய பிறகு கங்காரு பராமரிப்பு தொடங்கியது. மற்றப் பிரிவினருக்கு, தேறும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் உடனே தொடங்கப்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 17 மணி நேரம் அளவுக்கு நெஞ்சில் இருந்தார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது 1.5 மணி நேரம். முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் உடனே தொடங்கிய பிரிவில் 12 சதவீதம், மற்றதில் 15.7 சதவீதம். இறப்பில் கால் பங்கு குறைந்தது என்பது இதன் பொருள். வேறு விதமாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 27 குழந்தைகளுக்கு இப்படிச் செய்தால் கூடுதலாக ஓர் உயிர் பிழைக்கிறது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் ஒரு பிரிவினருக்கு மட்டும் அதை மறுப்பது முறையாகாது என்பதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பலன் முழுவதும் மணிக்கணக்கால் மட்டுமே வந்தது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. சீக்கிரமாகத் தொடங்கியதும், தாய்க்குக் குழந்தையின் பக்கத்திலேயே கட்டில் போட்டு இரவும் பகலும் உடன் இருக்கவிட்டதும் சேர்ந்தே அந்தப் பலனைத் தந்திருக்கின்றன. ஆனால் 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு மதிப்பீடும், இம்முறையால் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றும், நாளொன்றுக்குக் குறைந்தது 8 மணி நேரம் எட்டப்பட்ட இடங்களில் பலன் கூடுதலாகத் தெரிகிறது என்றும் கண்டது. பொகோட்டாவில் 1990களில் ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளை இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, கங்காரு முறையில் வளர்ந்தவர்களிடம் பள்ளிக்கு வராமல் இருப்பதும், அளவுமீறிய துடுக்குத்தனமும் குறைவாக இருந்தன.

எந்தக் குழந்தைக்கு இதைச் செய்யலாம் என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் விடை, பத்தாண்டுகளுக்கு முன்பு கிடைத்ததைவிட மிகவும் விரிந்தது. தானாக மூச்சுவிட முடியாத, இரத்த ஓட்டம் மிகவும் குறைந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்ட, வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாக் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூச்சுக்கு உதவ மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியை மூக்கில் பொருத்தியிருப்பதும், கையில் ஊசி ஏறிக்கொண்டிருப்பதும், வாய் வழியே பால் குழாய் இருப்பதும் தடைகள் ஆகா. குழாய்களைக் கவனமாக ஒதுக்கி ஒட்டிவிட்டு, ஒரு செவிலியர் குழந்தையையும் மற்றொருவர் குழாய்களையும் பிடித்துக்கொண்டு மாற்றுவார்கள்.

வைக்கும் முறையை ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் பிறகு கை பழகிவிடும். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, முன்பக்கம் திறந்த சட்டை, நாப்பி ஆகியவை போதும். வயிறும் மார்பும் தாயின் தோலில் நேரடியாகப் பட வேண்டும். குழந்தையை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சுக்குழல் மடங்காதபடி முகவாயைச் சற்றே உயர்த்தி, கால்களைத் தவளையைப் போல மடக்கிவிட வேண்டும். முகவாய் நெஞ்சில் அழுந்தினால் குறைமாதக் குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழல் அடைபடும் என்பதால், எல்லாவற்றிலும் முக்கியமானது கழுத்து நிலைதான். பிறகு மென்மையான துணியால் குழந்தையின் காதுக்குக் கீழ் வரை வரும்படி கட்டி, அதன் மேல் தாயின் உடையைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கெனத் தைத்த பட்டைகள் கிடைக்கின்றன. பழைய பருத்திப் புடவையும் அந்த வேலையை நன்றாகவே செய்யும். தாய் நேராகப் படுக்காமல், முதுகு உயர்ந்த கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ சாய்ந்திருக்க வேண்டும். கட்டு சரியாக இருந்து, செவிலியரின் பார்வையும் இருந்தால், தாய் அப்படியே கண்ணயரலாம். குழந்தையின் நிறம் வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே செவிலியரை அழைக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

பிறகு ஏன் எட்டு மணி நேரம் எட்டப்படுவதில்லை? பெரும்பாலும் பழி தாயின் மேல்தான் விழுகிறது: பொறுமை இல்லை, பயப்படுகிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. அவள் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். அறுவைப் பிரசவத்தின் தையல் வலியோடு, ஒரு தளத்திலுள்ள வார்டிலிருந்து இன்னொரு தளத்திலுள்ள குழந்தைகள் பிரிவுக்கு நடந்து வந்து, அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் அமர்ந்திருக்கும் ஒருத்தியால் எத்தனை மணி நேரம் தாங்க முடியும்? கழிப்பறை தொலைவில் இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வார்டில் இல்லாவிட்டால் சாப்பாடு போய்விடும். ஆட்கள் நடமாடும் இடத்தில் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கக் கூச்சமாக இருக்கும். சில வேளைகளில் குழந்தை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, தாய் பிரசவித்த மருத்துவமனையிலேயே கிடப்பாள். வீட்டில் மூத்த குழந்தை காத்திருக்கும். தீட்டுக் கழியும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. செவிலியர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒருவரே பல குழந்தைகளைக் கவனிக்கும் பணிமுறையில், ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்துக் குழாய்களைச் சரிசெய்து கொடுப்பது கூடுதல் வேலையாகவே தோன்றும்.

எனவே நேரத்தைக் கூட்டுவதற்கான வழிகள் பெரும்பாலும் அறிவுரையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கின்றன. தாயின் கட்டில் குழந்தைக்குப் பக்கத்திலேயே இருப்பது இவற்றில் தலையாயது. சஃப்தர்ஜங்கில் தாய்க்கும் சேய்க்கும் ஒரே இடத்தில் சிகிச்சை தரும் பிரிவு உருவானது இந்த எண்ணத்தில்தான். மகப்பேற்று மருத்துவர்கள் தாயைப் பார்க்கக் குழந்தைகள் பிரிவுக்கே வந்தார்கள். கட்டடத்தை மாற்ற இயலாத இடங்களில்கூடச் சாய்வு நாற்காலி, ஒரு திரைச்சீலை, நேரத்துக்கு உணவும் குடிநீரும், போதிய வலி மாத்திரை ஆகியவை மணிக்கணக்கைக் கூட்டிவிடும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவைத்தால், நெஞ்சில் உறங்கும் குழந்தையின் முகத்தைத் தாய் குனியாமலே பார்த்துக்கொள்ளலாம். கேட்கச் சிறிதாகத் தோன்றும் இது, ‘மூச்சு விடுகிறதா’ என்ற பயத்தோடு அமர்ந்திருப்பவளுக்குச் சிறிய விஷயம் அன்று.

இரண்டாவது வழி, ஆளைக் கூட்டுவது. கங்காரு பராமரிப்பைத் தாய் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. தந்தை, பாட்டி, அத்தை, சித்தி என உடல்நலமும் தூய்மையும் உள்ள யாரும் செய்யலாம். காய்ச்சல், சளி, தோல் புண் இருப்பவர்களும், புகைபிடித்துவிட்டு வருபவர்களும் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்: தாய் காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம், பாட்டி நடுவில் ஒன்றரை மணி நேரம், வேலை முடிந்து வரும் தந்தை இரவில் இரண்டரை மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் எட்டு மணி நேரம் நிறைந்துவிடுகிறது. அதற்கு, ஆண்கள் உள்ளே வரக்கூடாது, மாலை நான்கு முதல் ஐந்து வரை மட்டும்தான் அனுமதி என்ற விதிகள் தளர வேண்டும். நெஞ்சில் முடியுள்ள அப்பா குழந்தைக்குச் சூடு தருவாரா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகத் தருவார், முடியை மழிக்க வேண்டியதும் இல்லை.

மூன்றாவது, எழுதிவைப்பது. கே.எம்.சி. கொடுக்கப்பட்டதா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று குறிப்பதற்குப் பதிலாக, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று தாயே குறித்துவைக்கும் ஒரு தாளைக் கட்டிலில் தொங்கவிட்டால் நிலைமை கண்முன் தெரியும். காலையில் வார்டைச் சுற்றிவரும் மருத்துவர் எடையையும் பாலின் அளவையும் கேட்பதுபோல நேற்று எத்தனை மணி நேரம் என்றும் கேட்டால், அந்தக் கேள்வியே பணிமுறையை மாற்றத் தொடங்கும். ஆனால் அந்தத் தாளைத் தாயைக் கடிந்துகொள்வதற்கான சான்றாக ஆக்கிவிடக் கூடாது. மூன்று மணி நேரம்தான் என்று எழுதியிருந்தால், மீதி நேரத்தில் அவளைத் தடுத்தது எது என்று கேட்பதற்குத்தான் அது.

நம் ஊர் வெயிலில் இது சாத்தியமா என்ற ஐயமும் நியாயமானதே. கோடையில் இரு உடல்களும் வியர்க்கும். துணியை மெலிதாக்கி, மேலாடையைக் குறைத்து, காற்று நேராகக் குழந்தையின் மேல் அடிக்காதபடி மின்விசிறியைத் திருப்பிவைத்து, வியர்வையை அவ்வப்போது ஒற்றி எடுத்தால் போதும். வெளியே வெயில் என்பதால் குழந்தைக்குக் குளிராது என்று எண்ணுவதுதான் ஆபத்து, ஏனெனில் குளிரூட்டப்பட்ட அறையிலும், நள்ளிரவிலும், குளிப்பாட்டிய பிறகும் குறைமாதக் குழந்தை சட்டென்று குளிர்ந்துபோகும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் இதைத் தொடர வேண்டும். ஹரியானாவில் வீட்டிலேயே தொடங்கிச் செய்த ஒரு பெரிய ஆய்விலும் உயிரிழப்பு குறைந்ததை 2019இல் வெளியான முடிவுகள் காட்டின. வீட்டில் அடுப்பருகே நிற்கும்போதும், சூடான பானத்தைக் கையில் வைத்திருக்கும்போதும் மட்டும் குழந்தையை நெஞ்சில் கட்டியிருக்கக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். நிறைமாதத்துக்குரிய நாட்களை நெருங்கி, எடையும் 2.5 கிலோவை எட்டும்போது, அதுவரை மணிக்கணக்கில் அசையாமல் உறங்கிய பிள்ளை நெளியும், சிணுங்கும், கட்டிய துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே இழுத்துக்கொள்ளும்; திரும்ப உள்ளே வைத்தால் மறுபடியும் இழுத்துக்கொள்ளும்.